தொடக் கூடாத ஏணி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் பெயின்டர் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதைப் பேப்பரில் படத்தோடு பார்த்தோம்.

விஷயம் என்னவென்றால், அந்தப் படத்தில் உங்கள் பக்கத்தில் புத்தக அலமாரியாக நிற்பது என் ஏணி. போன மாதம் நீங்கள் வந்தபோது அது கொல்லையில் படுத்துக் கிடந்தது வாஸ்தவம்தான். ஆடிய படிக்குப் பசை தடவிக் காயப் போட்டிருந்தேன். நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வேண்டாத சாமான் என்று நீங்களே முடிவுகட்டி வண்டியில் ஏற்றிவிட்டீர்கள். உங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் டிரம்மில் உட்கார்ந்து, கவிழ்த்த வாளி விளக்கின் அடியில் சாப்பிட்டவன் நான், ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? என் பழைய சைக்கிளை வெட்டி நாற்காலி ஆக்கினீர்கள், அதையும் கலை என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஏணி என் சோறு மாப்பிள்ளை. அந்தப் படம் எடுத்த உங்கள் கண்காட்சிக்கே போனேன். படியில் கை வைத்ததும் காவலாளி ஓடிவந்து, "பெரியவரே, தொடக் கூடாது"ங்கிறான். "தம்பி, முப்பது வருஷமா நான் மிதிச்ச ஏணிப்பா"ன்னேன். "மிதிச்சவர் ரிட்டையர் ஆயிட்டாராம், எழுதியிருக்கு பாருங்க"ன்னு பக்கத்துல தொங்குற அட்டையைக் காட்டுறான். யாருய்யா ரிட்டையர் ஆனது? அட்டையில இருந்ததைப் பேப்பர்லயும் போட்டிருக்கான், அதைப் படிச்சிட்டு மேஸ்திரி எனக்குச் சொல்லியிருந்த பள்ளிக்கூடப் பெயின்ட் வேலையை வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. "ஏணியையே குடுத்துட்டீங்க, அப்புறம் என்னண்ணே, வீட்ல உக்காருங்க"ங்கிறாரு. எதுல உக்கார்றது, உங்க டிரம்லயா? உங்க அத்தைகிட்ட சொன்னா, "அலமாரி நல்லாத்தானே இருக்கு"ங்கிறா. வயிறு எரியுது மாப்பிள்ளை.

ஆகவே புத்தகங்களை இறக்கிவிட்டு, ஏணியை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். இல்லையென்றால் நானே வந்து தோளில் தூக்கிக்கொண்டு போவேன், உங்கள் காவலாளி வேடிக்கை பார்க்கட்டும்.

மகளுக்கு என் ஆசி. உங்கள் கைக்கும் ஆசி, அது என் கொல்லைப் பக்கம் நீளாதவரை.

இப்படிக்கு,
ரிட்டையர் ஆகாத பெயின்டர்.

பி.கு.: உறையில் போடுமுன், வெறும் வாய்ப்பேச்சு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி ஏறினேன். நாலாம் படியில் கால் நடுங்க ஆரம்பித்தது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். உங்கள் அத்தை வந்து, ஒவ்வொரு காலாகப் பிடித்து இறக்கினாள். எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். ஏணி அங்கேயே இருக்கட்டும். மகளிடம் சொல்ல வேண்டாம்.