புரட்டாசிச் சனியில் மீன்பிடி ஊரைச் சுற்றிக் காட்டியது

மதிப்பிற்குரிய மச்சான் அர்ஜுனன் அவர்களுக்கு,

ஈஜோக்கிலிருந்து தங்கராஜு வணக்கத்துடன் எழுதுவது. சுங்கை சோவில் நீங்களும் அம்சவள்ளி அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைக் கேட்க வேண்டாம், கடிதமே அதைப் பற்றித்தான். வாட்சப்பில் அனுப்பினால் நீங்கள் கைதவறிக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவீர்கள். போன முறை என் மூல வியாதி அப்படித்தான் உலு யாம் வரைக்கும் போனது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

மச்சான், என் மகள் உஷாராணியின் சம்பந்தம் கெட்டுவிட்டது. கெடுத்தவன் நான். அவளும் உமாசுதனும் ஒரே மருத்துவமனையில் வேலை செய்து, பழகி, பிடித்துப்போய், முப்பத்தொரு வயதில் ஒரு நல்லது நடக்க இருந்தது. பெரியவர்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற நிலைமையில், பையனின் அப்பா துரைசிங்கமும் அம்மா வாகீஸ்வரியும் இன்று பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாகப் படித்தவர்கள். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வாரத் தொடக்கத்திலேயே அந்த அம்மா ஃபோனில், "கலை, பண்பாடு, உள்ளூர்க் கடையள் எல்லாம் ஆறுதலாப் பார்க்க வேணும். சனிக்கிழமை வாறம். புரட்டாசிச் சனி எல்லோ?" என்றார். அந்தக் கடைசிக் கேள்வியில் நான் விழுந்தேன். சுத்த விரதக்காரர்கள் என்று புரிந்துகொண்டு, "ஆமாங்க, புரட்டாசிச் சனி!" என்று நானும் பக்தியோடு சொல்லிவைத்தேன். உங்கள் தங்கை நவமணி இருந்தவரை புரட்டாசி விரதம் அவளுடைய இலாகா. எனக்குப் பின்கட்டில் தனியாக மீன் வைத்துக் கொடுத்துவிடுவாள். இப்போது அந்த விரதத்தை உஷா பிடிக்கிறாள். நான் என்றைக்கு விரதம் இருந்தேன்?

பக்கத்துக் குவாலா சிலாங்கூருக்குத்தான் கூட்டிப்போனேன். அங்கே மீன் வாடை இல்லாத கடை ஒன்றைச் சொல்லுங்கள் மச்சான். கருவாட்டுக் கடை, கெரப்போ என்கிற மீன் அப்பளக் கடை, மீன் உருண்டைக் கடை என்று வரிசையாக இருக்கும் தெருவில், அவர்கள் மூக்கைக் காப்பாற்ற வேண்டுமே என்று ஓட்டமும் நடையுமாகக் கடத்திக்கொண்டு போய், கடைசியில் ஓர் இரும்புக் கடைக்குள் நுழைத்தேன். கால் மணி நேரம் ஆணிகளைப் பார்த்தோம். துரைசிங்கம் மரியாதைக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கினார். பிறகு பக்கத்து மண்டபம் ஒன்றில் மலாய்க்காரப் பிள்ளைகள் கொம்பாங் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பண்பாடு கிடைத்தது என்று உள்ளே உட்கார வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும் அங்கிருந்த பெரியவர் கோழியும் ரெண்டாங் இறைச்சிக் கறியும் வைத்து, "மாரி மாக்கான்!" என்று கையைப் பிடித்துச் சாப்பிட அழைத்தார். நாங்கள் மூவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். அவர் முகம் வாடிவிட்டது.

சைவச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், புரட்டாசிக் கூட்டத்தில் பன்னிரண்டரைக்கே எல்லாம் முடிந்து, "ரசம் மட்டும் இருக்குலா அங்கிள்," என்றான் கல்லாவில் இருந்தவன். அந்த ரசத்தைக் குடித்துவிட்டு புக்கிட் மெலாவத்திக் குன்றில் ஏறினோம். அங்கே ஓர் ஓவியக் கண்காட்சி. என் நேரம், சுவர் முழுக்க மீன், இறால், நண்டு. வாகீஸ்வரி அம்மா ஒரு சிவப்பு நண்டின் முன்னால் பத்து நிமிடம் அசையாமல் நின்றார். விரத நாளில் இதையா காட்டினான் என்று மனம் நொந்துபோயிருப்பார் என்று அவசரமாக அவரை வெளியே அழைத்தேன். வெளியே வந்தால், குரங்குகளுக்குப் போடுவதற்கென்று வாங்கிய கச்சான் கடலைப் பொட்டலத்தைத் துரைசிங்கம் மரத்துக்குப் பின்னால் நின்று தானே தின்றுகொண்டிருந்தார். ஒரு குரங்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்கே, "தலை இடிக்குது, வெளிக்கிடுறம்," என்றார்கள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நவமணி இருந்திருந்தால் இந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்திருக்குமா? விருந்தாளியை எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை மச்சான். அவள் போனதிலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. உஷா வேலை முடிந்து வந்து, "என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்பாள். நான் என்ன சொல்ல? ஜாதகம் கொண்டுபோய்க் கொடுத்தது நீங்கள்தானே. அவர்களாகத் திருப்பி அனுப்பி நம்மை அவமானப்படுத்தும் முன் நீங்களே போய் மரியாதையாக வாங்கி வந்துவிடுங்கள்.

அக்காவின் முட்டிவலி குறையட்டும். உங்கள் வீட்டிலாவது நல்ல காரியங்கள் குறையில்லாமல் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்,
தங்கராஜு

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். பசி தாங்கவில்லை. ஆறு மணிக்கு குவாலா சிலாங்கூரை ஒட்டிய பாசிர் பெனாம்பாங்கில் ஆற்றோரச் சீனக் கடைக்குப் போய், தெரிந்தவர் கண்ணில் படாத மூலை மேசையாகத் தேடினேன். அந்த மேசையில் ஏற்கெனவே ஆள் இருந்தது. துரைசிங்கம் கையில் நண்டுக் கால், வாகீஸ்வரி அம்மா கன்னத்தில் குழம்பு.

"உங்கட மகள் விரதமெண்டு எங்கட உமாசுதன் சொன்னவன். வீடே அப்பிடித்தான் எண்டு நினைச்சு, நாங்கள் காலையில இருந்து பட்டினி," என்றார் துரைசிங்கம்.

"ஐயோ, நான் உங்களுக்காகத்தான்லா பட்டினி கெடந்தேன்!"

"ஒரு வார்த்தை முதலே கேட்டிருக்கலாம்," என்றார் அந்த அம்மா. நவமணியும் இதையேதான் சொல்லியிருப்பாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இருங்கோ, ஆறப்போகுது," என்று பெரிய காலாகப் பார்த்து என் தட்டில் வைத்தார். இரண்டு வருடமாக என் தட்டில் யாரும் எதையும் எடுத்து வைத்ததில்லை மச்சான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்க் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டாவது தட்டு நண்டு வரும்போது அவர்களே சொன்னார்கள்.

ஆகவே ஜாதகம் அங்கேயே இருக்கட்டும். நண்டு விஷயத்தை மட்டும் உஷாவிடம் சொல்லிவிடாதீர்கள். இந்தச் சம்பந்தம் கூடிவர வேண்டும் என்று அவள் இன்று விடிந்ததிலிருந்து ஒரு வாய் சோறு தொடவில்லை.