முகூர்த்த நாளில் ‘பிரேக் எ ப்ராமிஸ்’ ஆகாது

சிவகாசி,
ஆவணி வளர்பிறை, ராகுகாலம் கழிந்து.

அன்பு மாப்பிள்ளை பாலகுருவுக்கு, அத்தான் சீனிவாசகம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா யோகேஸ்வரியும் உன் மருமகள் பிரீத்திகாவும் நம் அச்சாபீஸ் மிஷின்களும் நல்ல சுகம். கோயம்புத்தூரில் உன் சுகத்தையும், என் மேல் நீ வைத்திருக்கும் கோபத்தின் சுகத்தையும் அறிய ஆசை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதமென்றால் பாதியில் கட் பண்ண முடியாது என்று உன் அக்காதான் யோசனை சொன்னாள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜெயித்துவிட்டேன். எப்படி ஜெயித்தேன் என்பதை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும்.

உன் பழைய மாணவி சுகிர்தா மேடம், தன் இங்கிலீஷ் கோச்சிங் சென்டர் பிள்ளைகளுக்காகத் தினசரி காலண்டர் கேட்டார். நீதான் ஆர்டரை நமக்கு வாங்கிக் கொடுத்தாய், மறுக்கவில்லை. தாளுக்கு ஒரு ஜோடி வார்த்தை, கீழே அதை வைத்து ஒரு வாக்கியம். மழை பலமாகப் பெய்தால் ‘ஹெவி’, டீ பலமாக இருந்தால் ‘ஸ்ட்ராங்’, ஜோடியை மாற்றிப் போட்டால் வெள்ளைக்காரன் முழிப்பான் என்று நீயே எனக்கு விளக்கினாய். பொருத்தம் பார்த்துக் கட்டி வைத்த ஜோடிகள் என்று நானும் புரிந்துகொண்டேன். சுலபமானது முதலில், கஷ்டமானது பின்னால் என்று வருடம் முழுவதற்கும் நீ எழுதி அனுப்பியதை அப்படியே அச்சடித்திருந்தால் வம்பே இல்லை. ஆனால் காலண்டர் தாள் நம் அச்சாபீஸில் சங்கையா அண்ணன் கண்ணைத் தாண்டாமல் மிஷினுக்குப் போகாது. ராசிபலனும் நல்ல நேரமும் சரிபார்த்தே தலை நரைத்தவர். தை மாதத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, இது நல்ல முகூர்த்த நாளு. இதுல போயி ‘பிரேக் எ ப்ராமிஸ்’னு போட்டிருக்கு. வாக்குத் தவறுறதுன்னு அர்த்தமாமுல்ல. பொண்ணு வீட்டுக்காரரு காலையில எந்திரிச்சு இந்தத் தாளப் பாத்தா, மண்டபத்துக்குப் போவாரா, மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடுவாரா?”

நியாயமாகத்தான் பட்டது. அதைத் தூக்கி அஷ்டமியில் வைத்தேன், அங்கே இருந்த ‘கீப் எ ப்ராமிஸ்’ முகூர்த்தத்துக்கு வந்தது. ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று இடிக்கிறது, மாப்பிள்ளை. ‘ஹெவி லாஸ்’ புதுக்கணக்குப் போடும் நாளில் இருந்தது, அதைக் கரிநாளுக்குத் தள்ளினேன். ‘கேட்ச் ஃபயர்’ என்று ஒரு ஜோடி எழுதியிருந்தாய். தெருவுக்குத் தெரு பட்டாசு கம்பெனிக்காரர் வீடு இருக்கும் ஊரில், அந்தத் தாள் சுவரில் தொங்கினால் எவன் வேலைக்குக் கிளம்புவான் என்று கேட்டு, சங்கையா அண்ணன் அதை ஆலைகளுக்கெல்லாம் லீவு விடும் தீபாவளி அன்று வைத்தார். ‘ஃபால் இன் லவ்’ எந்த நாளுக்கும் பொருந்தவில்லை. வயசுப் பெண் இருக்கிற வீட்டில் எந்த நாள்தான் அதற்கு நல்ல நாள்? கடைசியில் ஒரு நவமியில் போட்டு மூடினோம்.

நாள் மாறியதும் வாக்கியங்களும் ஒட்டவில்லை. ‘ஹெவி ரெயின்’ என்பதற்கு லண்டனில் மழை பெய்து கிரிக்கெட் நின்றதாக எழுதியிருந்தாய். “லண்டன்ல பெஞ்சா நமக்கென்ன அண்ணாச்சி, பக்கத்துல வெம்பக்கோட்டையில பெஞ்சாத்தான விசேசம்” என்றார் சங்கையா அண்ணன். அதனால் நான் மாற்றினேன். கருத்து என்னுடையது, இங்கிலீஷ் பிரீத்திகாவுடையது: ‘வெம்பக்கோட்டையில் ஹெவி ரெயின் வந்தது, விவசாயம் பண்ணும் சம்சாரி சிரித்தார், பட்டாசு ஓனர் அழுதார்.’ ‘டேக் எ ரிஸ்க்’ என்பதற்கு, ‘சீசன் நேரத்தில் என் அப்பாவிடம் லீவு கேட்பது டேக் எ ரிஸ்க்’ என்று பிரீத்திகாவே சொந்தமாக எழுதினாள். அதில் என் கருத்து ஒன்றும் இல்லை.

காலண்டர் போய்ச் சேர்ந்த அன்று நீ போனில் பேசியது உனக்கு ஞாபகம் இருக்கும். “அத்தான், இது இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகளுக்கா, ஜோசியம் பாக்கிறவுகளுக்கா? இனிமே இதுல எம்பேரச் சொல்லாதீக. பிரீத்திகா கல்யாணத்துக்கும் என்னைய எதிர்பாக்காதீக.” அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து உன் அக்கா எனக்குப் பரிமாறும்போது கரண்டிச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கிறது. “தாய்மாமன் மாலை விழாம எம்பிள்ள மணையில உக்கார மாட்டா. ஒங்க அஷ்டமியையும் நவமியையும் நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க” என்றாள். பிரீத்திகாவோ தன் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைப் பார்க்காமலே மூடி வைத்துவிட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இனிமேல்தான் ஜெயம். சுகிர்தா மேடமும் முதலில் சத்தம் போட்டார். ஆனால் பொங்கல் கழிந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. போன வருடம் வேறு ஒருவர் அடித்துக் கொடுத்த காலண்டரை ஒரு பிள்ளையும் கிழிக்கவில்லையாம். நம் காலண்டரில் அம்மா, அப்பா, பால்காரர் வரைக்கும் காலையில் வந்து ஜோடியைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையாம். அதை ராசிபலனாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் ‘மிஸ் தி பஸ்’ வந்த அன்று குடும்பமே விடியுமுன் பஸ் ஸ்டாண்டில் நின்றதாம். ‘பே அட்டென்ஷன்’ அன்று கணவர்கள் பேப்பரைக் கீழே வைத்தார்களாம். வீடே ஜோடியைச் சொல்லித் திரியும்போது பிள்ளைக்கு மறக்குமா? பரீட்சையில் அத்தனை பேரும் ஜோடி மாறாமல் எழுதிவிட்டார்கள். வெம்பக்கோட்டை எந்தத் திசை என்றே தெரியாத கோயம்புத்தூர்ப் பிள்ளைகள், அங்கே ஹெவி ரெயின் வந்து பட்டாசு ஓனர் அழுததை எழுதி முழு மார்க் வாங்கியிருக்கின்றன. அடுத்த வருடத்துக்கு இரண்டு மடங்கு ஆர்டர் வந்துவிட்டது. ‘கஷ்டம், சுலபம் எல்லாம் வேண்டாம் சார், உங்கள் பஞ்சாங்க வரிசையே இருக்கட்டும்’ என்று மேடம் தன் வாயாலேயே சொன்னார். சங்கையா அண்ணனுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தேன். உனக்கும் எடுத்து வைத்திருக்கிறேன், அளவு உன் அக்கா சொன்னது.

ஆகையால் இங்கிலீஷில் உன்னை நான் ஜெயித்தாயிற்று என்பதை மனதில் வாங்கிக்கொண்டு, கோபத்தை விட்டு, கார்த்திகையில் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வரவும். வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாகப் படித்து, உன்னைப் போல அறிவும் என்னைப் போலக் குணமும் பெற்று வளர வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்
சீனிவாசகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சுகிர்தா மேடம் போன் செய்தார். புரட்டாசியில் கோயம்புத்தூரில் ஆசிரியர்கள் கூட்டமாம். வாக்கியம் எழுதியவர் மேடையேறி ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். பெருமையில் சரி என்று சொல்லிவிட்டேன். முழுக்க இங்கிலீஷில் என்று பிறகுதான் சொன்னார். மாப்பிள்ளை, எனக்கு ‘ஹெவி ரெயின்’ வரும், அதற்கு அடுத்த வார்த்தை வராது. ஆகவே மேலே எழுதிய ஜெயம் அத்தனையையும் உன் பெயருக்கு மாற்றிக்கொள். ஜோடி உன்னுடையது, வாக்கியம் உன்னுடையது, பஞ்சாங்க வரிசையும் உன் யோசனைதான். அந்த மேடையில் நீயே பேசு, கார்த்திகையில் மாலையோடு வந்து நில். வருகிறேன் என்று உன் அக்காவுக்கு ஒரு போன் வராவிட்டால், நானே மேடை ஏறுவேன். பேராசிரியர் பாலகுருதான் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பேன்.