மூன்று கோடுகள் சேரும் இடம்

மாலை நாலே கால் மணி. ஒரு காட்டில், மூங்கில் புதரை ஒட்டிய மைதானத்தில், பத்து விலங்குகள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தன. நடுவர் ஒரே ஒருவர்: ஆமை ஆதிமூலம். நடு வட்டத்தில் நின்றபடியே ஆட்டம் முழுவதையும் நடத்துவார். நகர மாட்டார். நகர்ந்தால், போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

கீரி கோமளம் கூடைக்குக் குதிக்கும்போதெல்லாம், எதிரணிக் குரங்கு சடையாண்டி வாலால் அவள் இடுப்பைச் சுற்றி இழுத்தான். ஆமைக்குத் தெரியவில்லை. நடுவே கோமளத்தின் அணித்தலைவர் கரடியின் முதுகு இருந்தது.

“வாலால புடிக்கிறாண்ணே!” என்றாள் கோமளம்.

“விசில் வந்துச்சா? வரலைன்னா புடிக்கலை, தாயி,” என்றார் கரடி.

கோமளம் கூடைப்பந்துச் சங்கத்துக்கு மனு எழுதினாள். மூன்று பிரதி, இரண்டு புகைப்படம். அடுத்த ஆண்டு இரண்டாவது நடுவராகக் கொக்கு வந்தார். கொக்கு கூடைக்குக் கீழே, ஆமை பந்துக்குப் பின்னால். பந்து திரும்பினால் இருவரும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆமைக்குச் சக்கரப் பலகை ஒன்று ஒதுக்கப்பட்டது.

சடையாண்டி பக்கவாட்டிலிருந்து இழுக்கத் தொடங்கினான்.

இன்னொரு மனு. மூன்றாவது ஆண்டு பக்கக்கோட்டில் பச்சோந்தி வந்தார். இரண்டு கண்ணும் இரண்டு திசையில். கூடைக்கு அருகே சேரும்படி மூன்று சுண்ணாம்புக் கோடு போட்டு மைதானத்தை மூன்றாகப் பிரித்தார்கள். அவரவர் பகுதிக்கு அவரவர் விசில்.

“மூணு வருஷமா ஒரு கூடை இல்லை,” என்றார் கரடி, இறுதி ஆட்டத்தன்று. “இன்னிக்கும் இல்லைன்னா உன் இடத்துல அணிலைப் போட்டுடுவேன்.”

கோமளம் குதித்தாள். மூன்று கோடுகளும் சேரும் இடத்தில் சடையாண்டி இழுத்தான். மூன்று நடுவர்களும் பார்த்தார்கள். ஆமை கொக்கைப் பார்த்தார். கொக்கு பச்சோந்தியைப் பார்த்தார். பச்சோந்தி ஆளுக்கொரு கண்ணாக இருவரையும் பார்த்தார்.

“பாத்தீங்கள்ல, ஐயா?” என்று ஆமையைக் கேட்டாள் கோமளம்.

“நல்லாவே பாத்தேம்மா,” என்றார் ஆமை. “அது கொக்கு சார் பகுதி.”

“என் பகுதியா?” என்றார் கொக்கு. “வால் நுனி பச்சோந்தி பக்கம்ல இருந்துச்சு!”

கோமளம் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

கடைசி நிமிடம். கோமளத்தின் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. சடையாண்டி அதே இடத்தில் வாலை நீட்டிக் காத்திருந்தான். கோமளம் அந்த வாலைப் பிடித்து, அவன் இரண்டு காலையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு, நிதானமாகக் குதித்துப் பந்தைப் போட்டாள்.

“சார்! சார்!” என்று தரையில் கிடந்தபடி கத்தினான் சடையாண்டி.

மூன்று நடுவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்தது.

“என்னடி பண்ணே அவனை?” என்றார் கரடி.

“விசில் வந்துச்சாண்ணே?”

கரடி சிரித்த சிரிப்பில் மூங்கில் ஆடியது.

சடையாண்டி மனு எழுதினான். அடுத்த ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி நான்காவது நடுவர் நியமிக்கப்பட்டார். அவர் சடையாண்டி.

நீதி: தப்பு செய்வதானால் யாரும் பார்க்காத இடத்தைத் தேடாதே, மூன்று பேர் சேர்ந்து பார்க்கும் இடத்தில் செய்.