வனஜா வீட்டு வடக்கு

ஒரு காட்டில், கரண்ட் வந்து சேர்ந்த புதிதில், வனஜா என்றொரு முள்ளம்பன்றி தன் வளைக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். கணவன் ஏகாம்பரமும் முள்ளம்பன்றிதான். ஆனால் அவன் முதுகில் இருந்த சுறுசுறுப்பு முள்ளோடு முடிந்துவிட்டது.

வளையின் தென்கிழக்கு மூலையில் வனஜாவின் அடுப்படி. ஓடைக்காற்று வரும், புகை தங்காது. அவளே நகம் தேயத் தோண்டிய இடம். தென்மேற்கு மூலையில் ஏகாம்பரத்தின் கேரம் அறை. அங்கே உருப்படியாக ஒரு வேலை நடந்ததாகக் காட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

மிருகங்களின் தண்ணீர்த் தொட்டியை நிரப்ப, தெற்குப் பாறைமேல் சோலார் பலகை வைத்து, வடக்கே ஓடையில் மோட்டார் போட்டிருந்தார்கள். கம்பி இழுத்த குரங்கு லைன்மேன் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, மோட்டாருக்குப் போகிற கம்பியை வனஜாவின் அடுப்படிக் கூரை வழியாகவே தெற்கு வடக்காக ஓட்டிவிட்டான். மிச்சக் கம்பியை வெட்டவும் சோம்பல். சுருட்டி அங்கேயே தொங்கவிட்டான். சுவிட்சையும் அங்கேயே அடித்தான். திரும்பி வருகிற கம்பி மட்டும் தூரமாய்ப் பாறைக்கு அந்தப் பக்கம் போயிற்று.

இந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் கேரத்தில் தொடர்ந்து தோற்றான். ஆட்டம் சரியில்லை என்று எந்த ஆண்பிள்ளை ஒத்துக்கொண்டிருக்கிறான்?

"வீட்டுலதாண்டி கோளாறு" என்று வாஸ்து பார்க்கிற நரியைக் கூட்டிவந்தான்.

கழுத்தில் திசைகாட்டியைத் தாலி மாதிரி தொங்கவிட்டிருந்த நரி, நேராக அடுப்படிக்குள் நுழைந்து கம்பிச் சுருளுக்கு அடியில் நின்றது. திசைகாட்டி முள்ளைப் பார்த்து முகம் வெளிறியது.

"அடடா! அடுப்பு தென்மேற்குல, கன்னி மூலையில எரியுதே! எப்படிய்யா இன்னும் உசிரோட இருக்கீங்க?"

"இது தென்கிழக்குண்ணே. தினமும் காலையில சூரியன் இந்தப் பக்கந்தான் எட்டிப் பார்க்குது" என்றாள் வனஜா.

"சூரியன் ஆயிரம் சொல்லும் தங்கச்சி. முள்ளு பொய் சொல்லாது."

அடுப்படியை மூடவேண்டும், வடகிழக்கில், காட்டுப்பன்றிகள் புரளும் சேற்றுப் பக்கமாகப் புதிதாகத் தோண்டவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஏகாம்பரம் உடனே மண்வேலைக்குப் பெருச்சாளிகளுக்குச் சொல்லியனுப்பினான். பிறகு அதே அடுப்படியில் வெந்த கிழங்கை அவனும் நரியும் வயிறு முட்டத் தின்றுவிட்டு அடுப்படி வாசலிலேயே படுத்துக் குறட்டை விட்டார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் எந்த மூலையும் தோஷமில்லை போலிருக்கிறது.

நரி கழற்றி வைத்த திசைகாட்டி அடுப்படிப் பலகைமேல் கிடந்தது. வனஜா அதை முறைத்துக்கொண்டிருந்தபோது ஒரு மேகம் சூரியனை மறைத்தது. ஓடையில் மோட்டார் முனகியது. மேற்கே பார்த்திருந்த முள் மெல்ல வடக்குப் பக்கம் நகர்ந்தது. மேகம் விலகியது, மோட்டார் உறுமியது. முள் மறுபடி மேற்கே ஓடியது.

"அட மூதேவி, நீதானா?" என்று கம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

வெள்ளாந்தை சிஸ்டர்களின் பள்ளியில் பிரம்படியோடு படித்தது அவளுக்கு வீண்போகவில்லை. கரண்ட் ஓடினால் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம். கரண்ட் கூடினால் அதுவும் கூடும், தள்ளிப்போனால் குறையும். திசைகாட்டியைக் கம்பியிலிருந்து தூரமாக வைத்தாள். முள் சமர்த்தாக வடக்கைக் காட்டியது. கம்பிக்கு மேலே பிடித்தாள். இந்தத் தடவை கிழக்கே திரும்பியது.

ஓடிப்போய் இருவரையும் எழுப்பினாள். திசைகாட்டியைக் கம்பிக்கு அடியில் வைத்து, சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள். முள் போயிற்று, வந்தது.

"பார்த்தீங்களா? கோளாறு அடுப்படியில இல்லீங்க, கம்பியில!"

"அது கிரக சஞ்சாரம்மா" என்றது நரி, ஒரு கண்ணை மட்டும் திறந்து.

"கான்வென்ட்டுல படிச்சா வாஸ்துவே தெரிஞ்சுருமாக்கும்? பெரியவங்க பேசுறப்ப ஸ்விட்சோட விளையாடாதடி" என்றான் ஏகாம்பரம். இருவரும் திரும்பிப் படுத்தார்கள்.

வனஜாவுக்கு முதுகு முள்ளெல்லாம் விறைத்து நின்றது. பெருச்சாளிகள் வந்தால் அடுப்படி போச்சு. விளக்கம் சொல்ல நேரமில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை. சுவிட்சை அணைத்தாள். கூரையிலிருந்து கம்பியை இறக்கி, மிச்சச் சுருளை அவிழ்த்து, கேரம் அறைக்கு இழுத்துப்போய், கோரைப்பாய்க்கு அடியில் தெற்கு வடக்காக நீட்டிப் புதைத்தாள். மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

பெருச்சாளிகள் மண்வெட்டியோடு வந்து நின்றன.

"தோண்டுறதுக்கு முன்னால இன்னொரு தரம் பார்த்துருங்கண்ணே, உங்க கண்ணுக்கு மேல எனக்கு வேற யாரு?" என்று குழைந்தாள் வனஜா.

நரி அடுப்படியில் நின்றது. முள் ஒழுங்காக வடக்கைக் காட்டியது.

"தென்கிழக்கு, அக்னி மூலை! அம்சமா இருக்கு!"

"மத்தியானம் கன்னி மூலைன்னுல்ல சொல்லிவிட்டாங்க?" என்றது மூத்த பெருச்சாளி.

"மத்தியானம் அப்படித்தான் இருந்துச்சு. என் காலடி பட்டதுல தோஷம் விலகிருச்சு."

பிறகு கேரம் அறை. பாயின்மேல் நின்றதும் முள் கிழக்கே பாய்ந்தது. நரி விரல் விட்டுக் கணக்குப் போட்டது, வாயைப் பிளந்தது.

"இதுவும் அக்னி மூலை! இரட்டை அக்னி மூலை! கோடியில ஒரு வீட்டுக்குத்தான்யா அமையும். இங்கேயும் ஒரு அடுப்பு எரிஞ்சாகணும்."

"ரெண்டையும் நானே பத்தவச்சுக்கிறேண்ணே" என்றாள் வனஜா, தரையைப் பார்த்தபடி.

"கூடவே கூடாது! ஒரே கை ரெண்டு அக்னியைத் தொட்டா குலநாசம். இது வீட்டு ஆம்பளை தொடவேண்டிய அடுப்பு."

"அப்ப என் கேரம்?" ஏகாம்பரத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"காஞ்ச பலகைதானே, முதல் நாளைக்கு நல்லா எரியும்" என்றது நரி.

முள் சொல்லிவிட்டது, அப்புறம் மேல்முறையீடு ஏது? பெருச்சாளிகள் புகைபோக்கி தோண்டின. பொழுது சாயும்போது ஏகாம்பரம் மீசை பொசுங்கக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான். வனஜா காலை நீட்டி உட்கார்ந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"உப்பு பத்தலைங்க."

நீதி: கரண்ட் ஓடினால் முள் திரும்பும், முள் திரும்பினால் நரி திரும்பும், நரி திரும்பினால்தான் புருஷன் திரும்புவான். ஆகவே பெண்ணே, விளக்கம் சொல்லி வாயை வலிக்கவிடாதே, கம்பியை நகர்த்து.