பதினாறும் தொண்ணூற்றொன்றும்

வேன் இன்ஜினின் கிராங்க் சுற்ற மறுத்தது.

வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் இன்னொரு முறை நெம்பிப் பார்த்தார். ம்ஹூம். நாலு கனெக்டிங் ராடும் புதுசு. கம்பெனி உருப்படி கிடைக்காததால் வெளி மார்க்கெட்டில் வாங்கிய செட். ஒவ்வொரு ராடிலும் ஒரு எண், அதைக் கிராங்கோடு சேர்த்துப் பிடிக்கும் கேப் என்ற மூடியிலும் அதே எண். ஜோடி மாறினால் கிராங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கதை கந்தல். அவரும் பார்த்துப் பார்த்துத்தான் ஜோடி சேர்த்திருந்தார்.

அடுப்படி ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது.

“என்ன ஆச்சு?”

“சுத்தல.”

“எனக்குத்தான் சுத்துது. ரெண்டு நாளுன்னு வந்தாங்க உங்க அக்கா. இன்னியோட பதினோரு நாளு. ஏழு பேருக்கு ஒரே பாத்ரூம். நாளைக்குள்ள இந்த வண்டி கிளம்பல, நான் எங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்!”

அக்கா குடும்பம் வந்திறங்கிய அன்றே அவர்கள் வேனின் இன்ஜின் படுத்துவிட்டது. நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த அத்தான் குரல் கொடுத்தார்.

“அவசரமே இல்ல மச்சான். நிதானமா செய்யுங்க.”

அந்த நிதானம்தான் மெக்கானிக்கை அவசரப்படுத்தியது.

கேப்புகளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். 16, 19, 61, 91. அண்ணாந்து படுத்துத் தலைகீழாகப் படித்ததில் பதினாறுக்குத் தொண்ணூற்றொன்றின் கேப்பும், பத்தொன்பதுக்கு அறுபத்தொன்றின் கேப்பும் ஏறியிருந்தன. இந்த நாலு எண்ணையும் ஒரே பெட்டியில் போட்ட மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்!

இனி எண்ணே வேண்டாம் என்று மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று அடையாளம் வைத்தார். கை கழுவிவிட்டு வருவதற்குள் அத்தான் கேப்புகளைப் பெயிண்ட் தின்னரில் குளிப்பாட்டியிருந்தார்.

“செவப்பா ஏதோ அழுக்கு ஒட்டியிருந்துது மச்சான். பளபளன்னு ஆக்கிட்டேன்!”

“என் நெயில் பாலிஷ் எங்க?” என்றது ஜன்னல்.

மெக்கானிக் பாலிஷ் சீசாவை ஜன்னலில் வைத்தார். எண்ணில் உள்ள ஒன்றின் மூக்கு எந்தப் பக்கம் நீள்கிறது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, எது நேர், எது தலைகீழ் என்று கண்டுபிடித்து, ஒரு மணி நேரத்தில் ஜோடி சேர்த்தார். கிராங்க் சுற்றியது.

அடுத்தது போல்ட்டை இறுக்குவது. எந்த அளவுக்கு இறுக்குவது என்பதற்குப் பெட்டியில் இருந்த சீட்டு ஐம்பது என்றது. வண்டியோடு வந்த புத்தகமோ முப்பத்தெட்டு என்றது. இரண்டு பேருக்கும் மனவருத்தம் வேண்டாம் என்று, சொன்ன அளவு வந்ததும் ‘டிக்’ என்னும் ரெஞ்சை நாற்பத்துநாலில் வைத்து இறுக்கினார். மனசு கேட்காமல் பார்ட்ஸ் கடைக்கு போன் போட்டார்.

“கத்திரிக்கா பேரமா சார் பேசுறீங்க?” என்றார் கடைக்காரர். “புத்தகத்துல இருக்கறது பழைய போல்ட்டுக்கு. இது வேற போல்ட்டு. பெட்டில வந்த பசையத் தடவி அம்பதுல வைங்க. ரெஞ்ச் ‘டிக்’னதும் கைய எடுத்துடணும்.”

எட்டு போல்ட்டையும் கழற்றி, நீளம் அளந்து, பசை தடவினார். ஆறு முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் வேனுக்கு அடியில் அத்தானின் கால்கள்.

“மிச்சம் ரெண்டையும் முடிச்சிட்டேன் மச்சான். ‘டிக்’னு என்னமோ சத்தம். கழண்டுக்கப் போகுதோன்னு பயந்து, தம் கட்டி இன்னும் நாலு இழுப்பு இழுத்துட்டேன்.”

மெக்கானிக் அவற்றைக் கழற்றி அளந்தார்.

“ரெண்டு போல்ட்டும் நீண்டு போச்சு அத்தான்.”

“நீளமா இருந்தா நல்லதுதானே?”

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்று, புது போல்ட் இரண்டு வாங்கிவந்தார். அத்தானை மாவு அரைக்க அனுப்பிவிட்டுத் தனியாக இறுக்கினார். மற்றதையெல்லாம் மாட்டி மதியம் சாவியைத் திருப்பினார்.

வேன் சிணுங்கியது, இருமியது, பிறகு வெண்ணெயாய் ஓடியது.

பன்னிரண்டு நாளில் முதல்முறையாக மனைவி சிரித்தாள். வழியில் சாப்பிட எல்லோருக்கும் சோறு கட்டவே போய்விட்டாள். அக்கா கிளம்பிவிடுவாளே, இன்னும் ஒரு நாள் இருக்கச் சொல்லலாமா என்றுகூட மெக்கானிக் ஒரு நிமிஷம் யோசித்தார்.

ஈரக் கையைத் துடைத்தபடி அக்கா வாசலுக்கு ஓடிவந்தாள்.

“நல்ல நேரத்துல ஓட வெச்சடா தம்பி! எங்க வாடகை வீட்டு ஓனர் இன்னிக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டார், வண்டி இல்லாம எப்படிடான்னு தவிச்சிட்டிருந்தோம். ராத்திரிக்குள்ள கட்டில், பீரோ எல்லாத்தையும் இங்க கொண்டாந்து இறக்கிடறோம்!”