சரி சொல்லாத ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டே ஒரு சபதம் எடுத்தேன். பொழுது சாயும்வரை 'சரி' என்ற சொல் என் வாயிலிருந்து வராது. வாயில் நுரை இருந்ததால் சபதம் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனாலும் எடுத்தது எடுத்ததுதான்.

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். கடைத்தெருவில் சின்னக் கடை. கடையில் சட்டம் போடுவது நான். வீட்டில் சட்டம் போடுவது என் மனைவி. அவள் போட்ட சட்டம் எதுவும் இதுவரை மூலை பிரிந்ததில்லை.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. சட்டத்தைத்தான் பார்ப்பேன், உள்ளே இருப்பதைப் பார்க்கமாட்டேன். மூலைகள் பொருந்துகின்றனவா, கோணல் இல்லையா, கண்ணாடியில் விரல் தடம் படிந்திருக்கிறதா, அவ்வளவுதான். ஒருவர் வந்து, "எங்க அப்பா படம் ரெடியா?" என்று கேட்டால், "எந்த அப்பா? கறுப்புச் சட்டமா, பொன் விளிம்பா?" என்பேன். எங்கள் கல்யாணப் படத்தைக் காட்டி மனைவி ஒருநாள், "இதுல நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள். "இடது மூலையில லேசா விட்டிருக்கு" என்றேன். அதற்கான தண்டனை இன்னும் முடியவில்லை.

சபதத்துக்குக் காரணம் முன்னறை. எங்கள் வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே இடம் அதுதான். அங்கே ஒரு ஜன்னல், ஒரு ரேடியோ, ஒரு சாய்வு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த நாற்காலியில் சாய்ந்தால் நான் யாருக்கும் கணவனில்லை, யாருக்கும் கடைக்காரனில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்னங்க, நாளைக்கு முன்னறையைக் காலி பண்ணிடுங்க."

"எதுக்கு?"

"அழகுக்கலை படிச்சு முடிச்சுட்டு எத்தனை நாள் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறது? அங்க பார்லர் வைக்கப்போறேன். நீங்கதான் சரின்னீங்களே."

"நானா? எப்ப?"

"செவ்வாய்க்கிழமை. டீ குடிச்சுக்கிட்டே."

"அது காதுல விழுதுங்கிறதுக்குச் சொன்ன சரி!"

"வியாழக்கிழமையும் சொன்னீங்க."

"அது அரைத் தூக்கத்துச் சரி."

"நேத்து?"

"அது 'பேச்சை நிறுத்தேன்'னு அர்த்தம்."

மேசையில் படித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். கல்லூரியில் படிக்கிறாள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் நமக்குத்தான் கஷ்டம்.

"அப்பா, போன்ல சொல்றீங்களே, அது?"

"அது வைக்கப்போறேன்னு அர்த்தம்."

"கடையில, 'சரி சரி, முடிச்சுடலாம்'னு சொல்றது?"

"இன்னும் தொடவே இல்லைன்னு அர்த்தம்."

மனைவி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "அப்ப உங்க வாயிலேருந்து வர்ற சரிக்கு, சரிங்கிற ஒரு அர்த்தம் மட்டும் கிடையாது?"

நான் மகளின் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். மனைவி விடவில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன். நாளைக்கு விடிஞ்சதிலேருந்து விளக்குப் போடற வரைக்கும். முழிச்சுக்கிட்டு, யாரும் கட்டாயப்படுத்தாம, உங்க வாயால ஒரு சரி வரணும். எந்த வகைச் சரியா இருந்தாலும் சேர்த்தி. வந்தா முன்னறை எனக்கு. வரலேன்னா ஆயுசுக்கும் உங்களுக்கு. அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்து விழுங்கிவிட்டு, "அவ்வாறே ஆகட்டும்" என்றேன்.

"ராஜா காலத்து ஆளு!" என்று மனைவி துணியோடு எழுந்து போனாள். மகளை நடுவராக நியமித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீயிலேயே முதல் தாக்குதல்.

"சக்கரை சரியா இருக்கா?"

"இருக்கு."

"என்ன இருக்கு?"

"சக்கரை இருக்கு."

மனைவி புன்னகையோடு உள்ளே போனாள். இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்போதுதான் போன் அடித்தது. ஒரு வாடிக்கையாளர்.

"அப்ப புதன்கிழமை வந்து படத்தை வாங்கிக்கறேன்."

"வாங்கிக்கோங்க."

"சரி."

"ம்."

"சரிங்க."

"ம்ம்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என்மேல ஏதாவது கோவமா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லை."

"அப்ப சரி."

"ம்."

போனை எடுப்பதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. வைப்பதற்கு அந்த ஒரு சொல்தான் கதவு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. கடைசியில் மேடைப் பேச்சாளரைப் போல, "நன்றி, வணக்கம்!" என்று முழங்கிவிட்டு வைத்தேன். மகள் புத்தகத்துக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்து எதிர்வீட்டம்மா வந்தாள். வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தாள். வழக்கமாக, "சரிம்மா, பாப்போம்" என்றால் எழுந்து போய்விடுவாள். அன்று சொல்ல முடியவில்லை. அவளும் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, நான் கடைக்குக் கொண்டுவந்தேனே, அதுக்கு நீங்க போட்ட சட்டம் பிரமாதம்! அண்ணிகூட அசந்துட்டாங்க."

"பொன் விளிம்பு போட்டதுதானே? மூலையில பிசிறே இருக்காது, தடவிப் பாருங்க."

"உள்ள எழுதியிருந்தது எப்படி?"

"உள்ளயா?" என்று யோசித்தேன். சமையலறையில் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது. எதிர்வீட்டம்மா பேச்சை மாற்றினாள்.

"எங்க வீட்டுக்காரரைப் பாருங்கண்ணே. முடியை வெட்டி, அலங்காரமெல்லாம் பண்ணிக்கிட்டு முன்னால போய் நிக்கறேன். 'நகரு, டிவி மறைக்குது'ங்கறாரு." சொல்லும்போதே முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது.

அழுகிறவர்களிடம் என்ன சொல்வோம்? "சரி சரி, அழாதீங்க." அதுதானே மரபு? என் நாக்கு பாதி வழி போய்விட்டது. இழுத்துப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் முன்பாதி தொலைந்து, பின்பாதியும் உருமாறி வந்தது.

"அழுங்க. நல்லா அழுங்க."

எதிர்வீட்டம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணிக்குப் பொறுமை ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அங்கே இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. என்னைத் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நல்லவன் எப்போதும் குறைவாகத்தான் சந்தேகப்படுவான்.

மதியச் சாப்பாடும் முடிந்தது. மனைவி வேறு எந்த வலையும் விரிக்கவில்லை. முகத்தில் தோல்விக் களை. எனக்கே பாவமாக இருந்தது. முன்னறைக்குப் போய் ரேடியோவைத் திருப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக் கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம். விளக்கைப் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் இந்த அறை எனக்கு. நாற்காலியின் கையைத் தடவிக் கொடுத்தேன்.

டொக்.

கண்ணைத் திறந்தேன்.

டொக். டொக். டங்.

ஆணி கோணலாக இறங்குவது எனக்குச் சத்தத்திலேயே தெரியும். அந்த 'டங்' என் பல்லில் கூசியது. எழுந்து வெளியே ஓடினேன்.

முன்னறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவர் அருகே மனைவி ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு சட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அது கப்பல் மூழ்குவது போலச் சாய்ந்திருந்தது. மறுபடி வந்திருந்த எதிர்வீட்டம்மா ஸ்டூலைப் பிடித்திருந்தாள். நடுவர் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது இப்படி மாட்டுவாங்களா? வலது பக்கம் இறங்கியிருக்கு!"

"எது வலது? எனக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேரும் ஒரே சுவத்தைத்தானே பாக்கறோம்! சோத்துக்கை பக்கம். தூக்கு."

தூக்கினாள். இப்போது மறுபக்கம் மூழ்கியது.

"ஐயோ, அவ்வளவு இல்லை! ஒரு நூல் இறக்கு."

"நூல்னா?"

"நகத்துக் கனம். இறக்கு... இன்னும்... ஐயோ, தாண்டிட்ட. அரை நூல் ஏத்து."

"எனக்குக் கண்ணு போதாதுங்க. நேராத்தானே இருக்கு?"

"இதுவா நேர்? அசையாதே. இரு."

பின்னால் நகர்ந்தேன். ஒரு கண்ணை மூடினேன். கதவின் விளிம்பு, சட்டத்தின் விளிம்பு. உலகத்தில் வேறெதுவும் இல்லை. பொன் கோடு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. ஒரு மயிரிழை. இன்னும் அரை மயிரிழை. அந்த இடத்தில், அந்த நொடியில், எங்கள் தொழிலில் ஒரே ஒரு சொல்தான் உண்டு.

"சரி!"

உள்ளே ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

மகள் புத்தகத்தை மூடினாள். மனைவி ஸ்டூலிலிருந்து நிதானமாக இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"நடுவர் அம்மா, கேட்டுச்சா?"

"மணி அடிச்ச மாதிரி கேட்டுச்சும்மா."

"அது தொழில் சரி!" என்று கத்தினேன். "அதைச் சேர்க்கக்கூடாது!"

"எந்த வகையா இருந்தாலும் சேர்த்தின்னு பேசியாச்சு."

"யாரும் கட்டாயப்படுத்தக்கூடாதுன்னும் பேசியிருக்கு."

"யாரு கட்டாயப்படுத்தினது? நான் நேரா இருக்குன்னுதானே சொன்னேன்?"

நடுவரிடம் முறையிடத் திரும்பினேன்.

"போகட்டும்ங்க," என்றாள் மனைவி, ரொம்ப அன்பாக. "எதை நேரா நிமித்தி வச்சீங்கன்னு ஒரு தடவை படிச்சாவது பாருங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சட்டத்துக்கு உள்ளே பார்த்தேன். என் மகளின் குண்டு குண்டு எழுத்து.

'அழகு நிலையம். பெண்களுக்கு மட்டும். ஆண்கள் உள்ளே வரக்கூடாது.'

சுற்றிலும் பொன் விளிம்பு. மூலையில் பிசிறில்லை. எப்படி இருக்கும்? போன வாரம் எதிர்வீட்டம்மா கடைக்குக் கொண்டுவந்தபோது நானே அளந்தேன், நானே அறுத்தேன், நானே கண்ணாடியைத் துடைத்தேன். "நூறு வருஷம் ஆனாலும் அசையாது" என்று உத்தரவாதமும் கொடுத்தேன். நான் சபதம் எடுப்பதற்கு முன்பே என் தோல்விக்குச் சட்டம் போட்டாகிவிட்டது.

நடந்தது நடந்துவிட்டது. ரேடியோவையாவது நிறுத்திவிட்டு வருவோம், கடைசியாக ஒருமுறை அந்த நாற்காலியில் சாய்ந்துவிட்டு வருவோம் என்று கதவைத் தள்ளினேன்.

என் நாற்காலியில் எதிர்வீட்டம்மா சாய்ந்திருந்தாள். நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது எப்போது உள்ளே போனாளோ தெரியவில்லை. கழுத்தில் துண்டு, தலையில் துணிக் கட்டு. என் ரேடியோவுக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ அண்ணே! வெளியில போர்டைப் பாக்கலையா?"

கையில் கிண்ணத்தோடு வந்த மனைவி என்னைத் தாண்டி உள்ளே போனாள். "அவர்தான் மாட்டிக் குடுத்தாரு," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.

"சரி," என்றேன்.