சின்னக் காயில்காரர்

மனித இனத்தில் குனிந்த தலை நிமிராமல் நடக்கும் ஒரு வகை உண்டு. அடக்கமானவர் என்று நினைத்து அருகில் போய் ஏமாந்துவிடாதீர்கள். கையில் ஒரு கோல், கோலின் அடியில் வட்டமாய் ஒரு தட்டு, தலையில் ஹெட்போன். மண்ணுக்குள் உலோகம் தேடும் மெட்டல் டிடெக்டர்காரர்! அந்தத் தட்டுக்குக் காயில் என்று பெயர். பெரிய காயில் வைத்திருப்பவர்களை ஊர் எப்படியோ பொறுத்துக்கொள்கிறது. நாம் பார்க்கப்போவது, அதைக் கழற்றி ஓரமாய்ப் போட்டுவிட்டு டீ சாசர் அளவுக்கு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்ட உயர்ந்த வகையை. சின்னக் காயில்காரர்.

பெரிய காயில்காரர் ஒன்றும் கிடைக்காவிட்டால் வருத்தப்படுவார். சின்னக் காயில்காரர் விளக்கம் கொடுப்பார்.

எங்கள் தெருக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரின்டர் பழுது பார்ப்பவர். தெருவில் காயிலார் என்றால்தான் தெரியும். தபால்காரர் கையெழுத்து வாங்க வந்தால் பேனா கைக்கு வருவதற்குள் பாடம் தொடங்கிவிடும். "பெருசு ஆழமா பாக்கும் தம்பி. ஆனா பக்கத்துல பக்கத்துல நாலு சாமான் கெடந்தா எல்லாத்தையும் போட்டுக் குழப்பிக்கும். சின்னது அப்படியில்ல. ஒண்ணொண்ணா பிரிச்சுச் சொல்லும். செவத்தோரம், வேர் இடுக்கு, எங்க வேணா நுழையும்." தபால்காரர் இப்போதெல்லாம் அந்த வீட்டுக் கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்கிறார் என்று கேள்வி.

கண்டெடுத்த செல்வங்களுக்கு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி. வளைந்த கரண்டி, பூட்டில்லாத சாவிகள், பொம்மைக் காரின் சக்கரம் ஒன்று. சக்கரத்தின் கீழே 'காலம் தெரியவில்லை' என்று அவர் கைப்பட எழுதிய சீட்டு. விருந்தாளி யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால், மறுபடி அந்த வீட்டில் காபி கிடைக்காது.

ஆனால் அவருடைய உச்சகட்டப் பெருமை வேறு. குப்பைச் சத்தங்களை மெஷினில் வடிகட்டி வைத்திருக்கிறாராம். மாத்திரை அட்டை, சாக்லேட் தாள், பாட்டில் மூடி எதற்கும் அது வாய் திறக்காது. "நல்ல சத்தம் மட்டும்தான் என் காதுல விழும்" என்பார். எவ்வளவு நிம்மதியான வாழ்க்கை, பாருங்கள்!

அந்த வாழ்க்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி உலர்த்தப் போன மனைவி ஒரு பக்கக் காதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்னங்க, கம்மல் விழுந்துடுச்சு."

"எந்தக் கம்மல்?"

கேட்கக்கூடாத கேள்வி. அந்த அம்மாளுக்கு இருப்பது ஒரே ஜோடிக் கம்மல். கல்யாணமான புதிதில் காயிலாரே வாங்கிக் கொடுத்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. காயிலாரின் அக்கா அன்றைக்கே கேட்டார், "ஏண்டா, இது காதுல போடறதா, அரிசியிலேர்ந்து பொறுக்கிப் போடறதா?" சபையே சிரித்தது. சிரித்தவர்கள் முகத்துக்கு நேராகவே அதை மாட்டிக்கொண்ட அந்த அம்மாள், அதற்குப் பிறகு தூங்கும்போதுகூடக் கழற்றியதில்லை.

"அழாத. என்கிட்ட சின்னக் காயில் இருக்கு" என்றார் காயிலார். அந்த அம்மாள் அழவில்லை. அவர்தான் உள்ளுக்குள் கதிகலங்கிப் போயிருந்தார்.

கொல்லையில் தேடல் தொடங்கியது. மெஷின் குழம்பாமலிருக்கச் செருப்பைக் கழற்றினார், சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து வைத்தார், கோலை அப்படியும் இப்படியும் வீசினார். மெஷின் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டு பஸ் டிரைவருக்கு அன்று விடுமுறை; மதில்மேல் முழங்கையை ஊன்றி வசதியாக நின்றுகொண்டார்.

"அண்ணே, புதையல் கெடச்சா மதிலுக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் தள்ளிவிடுங்க."

"பேசாம இருய்யா. சத்தம் கேக்கணும்."

"சத்தம் வந்தாத்தானே கேக்கும்?"

கொல்லை முழுக்கச் சுற்றி முடித்த காயிலார் நிமிர்ந்து தீர்ப்பு வழங்கினார். "இங்க இல்ல. நீ வேற எங்கயோ போட்டுட்ட. மெஷின் பொய் சொல்லாது."

"அப்போ நான் சொல்றேனா?"

அந்த அம்மாள் மறுகாதில் மிச்சமிருந்த கம்மலைத் திருகிக் கழற்றினார். காயிலாரின் காலடியில், வெட்ட வெளிச்சத்தில், மண்மேல் வைத்தார்.

"இதைக் கண்டுபிடிங்க, பாப்போம்."

காயிலார் சிரித்துக்கொண்டே காயிலை அதன்மேல் கொண்டுபோனார். சத்தமில்லை. இன்னும் தாழ்த்தினார். இல்லை. கம்மல் வெயிலில் பளபளவென்று மின்னுகிறது. மெஷினுக்கு அப்படி ஒரு பொருள் உலகத்திலேயே கிடையாது. டிரைவர் சிரிக்க வாயைத் திறந்தவர், அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அவ்வளவு சின்னத் தங்கமும் சாக்லேட் தாளும் மெஷின் கணக்கில் ஒன்றுதான். குப்பையோடு சேர்த்து அதையும் அவரே ஊமையாக்கி வைத்திருந்தார்.

"விடுங்க. சின்னதுதானே" என்று சொல்லிவிட்டு, மண்ணில் கிடந்ததை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் உள்ளே போனார்.

திட்டியிருந்தால் காயிலார் தப்பித்திருப்பார். இப்போது மெஷினிலிருந்த வடிகட்டலை எடுத்துவிட்டார். அவ்வளவுதான், கொல்லையே அலறியது! அடிக்கு ஒரு பீப், பீப்புக்கு ஒரு குழி. மாத்திரை அட்டை, மூடி, ஹேர்பின், மறுபடியும் மாத்திரை அட்டை. காலமெல்லாம் குப்பை என்று ஒதுக்கிய ஒவ்வொரு சத்தத்துக்கும் மனுஷன் முட்டிபோட்டு மரியாதை செய்தார். வேட்டி மண்ணாகி, முதுகு வில்லாகி, கடைசியில் துணிக்கொடியின் இரும்புக் கம்பத்தடியில், ஒரு கிசுகிசுப்பு. விரலால் தோண்டினார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு.

சட்டையில் துடைத்தார். ஊதினார். மறுபடி துடைத்தார். கண்ணையும் ஒருமுறை துடைத்துக்கொண்டார், மண் விழுந்திருக்கும். பிறகு சமையலறைக்கு ஓடினார். ஓடிப்போய் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? மன்னிப்பா?

"பாத்தியா! பெரிய காயிலா இருந்தா அந்தக் கம்பத்துக்கிட்டயே போயிருக்க முடியாது! சின்னதா இருந்ததாலதான் நுழைஞ்சுது!"

இரண்டு காதும் காலியாய் நின்ற அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கத்தாதீங்க. மொதல்ல ஹெட்போனைக் கழட்டுங்க."

"என்ன?"

அந்த அம்மாளே கையை நீட்டிக் கழற்றிவிட்டார். பிறகு காதைக் காட்டினார். தடித்த விரல்களால் திருகாணியைப் பிடிக்கத் தெரியாமல் காயிலார் திணறினார். "வலிக்குதுங்க" என்ற சத்தம் இந்த முறை அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

நல்லவேளை, நம் வீட்டில் இப்படி ஆளில்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து உங்களை இரண்டு தடவை கூப்பிட்டார்களே, கேட்டதா? கேட்கவில்லையா?

அப்படியானால் உங்களுக்கு மெஷின்கூடத் தேவையில்லை.